இடது காது

அத்தியாயம் 11

புதன்கிழமை, காலை பத்து நாற்பது. தோல் டாக்டரைப் பார்க்க வாங்கிய அந்த நேரத்தை அப்பாவின் தலையில் கட்டுவதற்குள் ஃபுல்வியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதுதான் அப்பா ரினோவின் இடது காது விளிம்பில் காய்ந்த பொருக்கைப் பார்த்தாள். முள்கம்பி கிழித்துவிட்டது என்றார். துவைக்கப் போட்டிருந்த மூன்று தலையணை உறைகளிலும் ரத்தப் பொட்டு இருந்தது. ஒரே முள்கம்பி மூன்று வாரத்துக்கா ரத்தம் வடிக்கும்? தோல் மருத்துவமனையில் பதினாறு வருடம் நர்ஸாக இருப்பவளிடம் சொல்கிற பொய்யா அது?

"சரி, வர்றேன். தட்டுல பொலென்டாக் களி ஆறுது, திங்க விடு" என்று கடைசியில் இறங்கி வந்தார்.

அறுவடைக் காலத்தில் அவர் வாய் திறந்து ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். ஹெர்பர்ட் ஆற்றுப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் பல்வலி, கல்யாணம், விவாகரத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வெட்டு முடியட்டும். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை யாருக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பதில்லை.

புதன்கிழமை காலை ஃபுல்வியா மருத்துவமனை வாசல் பலகையில் அன்றைய வெயிலின் புற ஊதாக் கதிர் அளவை எழுதினாள். பதினொன்று. மூன்றைத் தொட்டாலே உடம்பை மூடிக்கொள்ள வேண்டும் என்று பலகையின் அடியில் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே ஒருவன் கையில்லாத பனியனோடு சாய்ந்து நின்று புகைத்துக்கொண்டிருந்தான். அவன்தான் முதல் நோயாளி. கூரை போடுகிற ப்ராடி.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவன் முன்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயசுக்காரனுக்கு அறுபது வயசுக் கை.

"க்ரீம் போடுறியா?"

"தினமும் போடுறேன் சிஸ்டர். காலைல அஞ்சு மணிக்கே."

"அஞ்சு மணிக்கு சூரியனே எந்திரிக்கலையேப்பா."

"அதான் நான் முந்திக்கிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன? அதான் போட்டாச்சே."

ஃபுல்வியா மூச்சை இழுத்து விட்டாள். இதே பதிலை இந்த வாரத்தில் ஏழாவது தடவையாகக் கேட்கிறாள். "காலைல தின்ன ரொட்டி சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"பத்து மணிக்கே பசிக்கும்."

"க்ரீமும் அப்படித்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணும். ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன். நீங்கல்லாம் வெண்ணெய் தீர்ந்துடுமோன்னு பயந்த மாதிரி தடவுறீங்க."

"கையில எண்ணெய்ப்பசை இருந்தா தகடு வழுக்கும் சிஸ்டர். நழுவிச்சுன்னா கீழ நிக்கிறவன் தலை போயிடும்."

அவன் சொன்னது நியாயம். வேலை செய்கிறவனின் கையைப் பற்றி ஃபுல்வியாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினாலு வயசில் டிராக்டர் ஓட்டிய கை அவளுடையது.

"அப்போ முழுக்கைச் சட்டை போடு. சட்டை வழுக்காது. பொத்தானை மணிக்கட்டு வரைக்கும் போடு. தொப்பி வச்சிருக்கியா?"

மடியில் கிடந்த முன்விளிம்புத் தொப்பியை அவன் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

"இது நெத்திக்கு. காதுக்கு எது? பிடரிக்கு எது? சுத்தி விளிம்பு வச்ச தொப்பியா வாங்கு."

"அதைப் போட்டா பசங்க என்னைப் பாட்டின்னு கூப்பிடுவானுங்க."

"பாட்டி வயசு வரைக்கும் இருக்கணும்னா வாங்கு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். வாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஊதுகிற சங்கை ஊதிவிட்டாள்.

அடுத்து வந்தவள் டெல்மா. அறுபத்தெட்டு வயசு, அஞ்சல் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு சொரசொரப்பு இருந்தது. வெட்டியெடுக்க நாள் குறித்தும் வரவில்லை. இப்போது அந்த இடம் வழுவழுவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

"எங்க போயி வெட்டிக்கிட்டீங்க?"

"வெட்டவே இல்ல கண்ணு. பால்செடி. அஞ்சு நாள் பாலைத் தொட்டு வச்சேன். எரிஞ்சுது, பொருக்கு கட்டுச்சு, விழுந்துடுச்சு. புதுத் தோல் பாத்தியா, பாப்பா தோல் மாதிரி."

இந்தப் பால்செடிக்கு ஊரில் ரேடியம் செடி என்று செல்லப் பெயர். வேலியோரம் தானாக முளைக்கிற களை. கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். மேலே ஆறிவிடும். அடியில் வேர் விட்ட புற்று அங்கேயேதான் இருக்கும். மூடி போட்ட பானைக்குள் பால் பொங்குவதுபோல, யாருக்கும் தெரியாமல்.

ஃபுல்வியா இதைப் பொறுமையாகச் சொன்னாள். டெல்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நீ இப்படிச் சொல்ற. உங்க அம்மா வேற மாதிரி சொன்னாளே."

"எங்க அம்மாவா?"

"அல்டாதான் குடுத்தா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், கேக் டின்ல வேரோட வச்சு. எனக்கு மட்டுமா? பாதி ஊருக்குக் குடுத்திருக்கா. 'எங்க வீட்டுப் பொண்ணு தோல் ஆஸ்பத்திரி நர்ஸு'ன்னு சொல்லித்தான் குடுத்தா. நீ சொல்லித்தான் தர்றான்னு நெனச்சோம்."

ஃபுல்வியா கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். பதினாறு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் கட்டியதை, அம்மா தேவாலய வாசலில் நின்று கேக் டின்னில் வைத்து இடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் மகள் பெயரைச் சொல்லியே.

பத்து நாற்பது ஆயிற்று. நாற்காலி காலி.

பத்து ஐம்பது. காலி.

பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போன் அடித்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"டிராக்டர்ல."

"எந்த டிராக்டர்ல? இன்னிக்கு ஆஸ்பத்திரின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"டிராக்டர் ஓட்டுற ஷேன் காலைல வரல. 'நான் சுரங்க வேலைக்குப் போறேன்'னு போன்ல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டான். கரும்பு வாங்குற டிராக்டரை யாரு ஓட்டுவா? உங்கண்ணன் லிவியோ வெட்டுற வண்டியில இருக்கான். நான் ஓட்டவா?"

"நீங்க ஓட்ட வேண்டாம். நீங்கதான் பாதி ஊருக்கு வைத்தியம் பாக்குறீங்களாமே."

 மறுமுனையில் குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

"டெல்மா வந்தாளா?" என்றாள் அல்டா.

"வந்தாங்க. அப்பா காதுக்கும் அதைத்தானே வச்சீங்க?"

"நல்லா ஆறிச்சு. ரெண்டு தடவை ஆறிச்சு."

"ரெண்டு தடவை ஆறினா, ரெண்டு தடவை திரும்பி வந்துச்சுன்னு அர்த்தம்மா."

"நீ எல்லாத்துக்கும் பயமுறுத்துவ. அவர் என்ன உங்க டாக்டர் ஹீலி மாதிரி பால் கலரா? நம்மது ஆலிவ் நெறத் தோலு. வெயிலுக்குன்னே பொறந்தது."

இதுதான் அந்தக் குடும்பத்தின் வேதம். கடல் தாண்டி வந்து கரும்பு வெட்டின இத்தாலிக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் இதே வேதம்தான். ஐரிஷ்காரன் சிவந்து வெந்துபோவான், நாம் கறுப்போம், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் யார் யார் என்ன நோயில் போனார்கள் என்று ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை.

ஃபுல்வியா போனை வைத்தாள். டாக்டர் ஹீலியிடம் கேட்டு மூன்று ஐம்பதுக்கு ஒரு இடம் வாங்கினாள். மத்தியான வேலையை இன்னொரு நர்ஸ் தலையில் போட்டாள். பதிலுக்கு இரண்டு சனிக்கிழமை போயிற்று. காலை நோயாளிகளை முடித்துவிட்டு இரண்டேகாலுக்குச் சீருடையோடு காரில் ஏறினாள்.

வயலுக்கு இருபது நிமிடம். போகிற வழியெல்லாம் பேசப்போகிறதை மனசில் அடுக்கிக்கொண்டே போனாள். அடுக்கினது எல்லாம் வயல் வரப்பில் கார் நின்றதும் சரிந்துவிட்டது.

வெட்டும் இயந்திரம் கரும்பை விழுங்கித் துண்டு துண்டாக நறுக்கி, நீண்ட கழுத்து வழியாகத் துப்பிக்கொண்டே வந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் அப்பாவின் பழைய டிராக்டர், பின்னால் கட்டிய பெட்டியில் துண்டுகளை வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. டிராக்டரின் குளிர்சாதனம் கெட்டு இரண்டு வெட்டு ஆகிறது. காற்றுக்காகக் கதவு இரண்டையும் கழற்றிக் கொட்டகையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

வரிசை முடிகிற இடத்தில் ரினோ நிறுத்தினார். எழுபத்தொரு வயசு. தலையில் உரக் கம்பெனி கொடுத்த முன்விளிம்புத் தொப்பி. காதில் பொருக்குக்குப் பதிலாக இப்போது புதுக் கசிவு.

"வந்துட்டாங்கப்பா நர்ஸம்மா" என்றார். "ஷேன் ஓடிட்டான், தெரியுமா?"

"தெரியும். பத்து நாப்பது என்ன ஆச்சு?"

"ஆலை ரயில் ஆறு மணிக்கு வந்துடும். அது இழுத்துட்டுப் போற கரும்புத் தொட்டி அத்தனையும் நெறஞ்சிருக்கணும். நெறையலைன்னா ஆலைக்காரன் நாளைக்கு நமக்கு விடுற தொட்டியைக் குறைச்சுடுவான். கரும்பு நின்னு காயும். உன் ஆஸ்பத்திரி ஓடிப் போகுமா?"

"ஆஸ்பத்திரி ஓடாதுப்பா. அது ஓடும்." காதைக் காட்டினாள். "காதுல வந்தா வேற எடத்துக்கு ஓடும். அதான் கத்துறேன்."

"வெட்டு முடியட்டும்."

"போன வெட்டுலயும் இதைத்தான் சொன்னீங்க. பல்லுக்கு."

"அந்தப் பல்லு தானா விழுந்துச்சே. செலவு மிச்சம்."

அவர் இப்படித்தான். எந்தப் பேச்சையும் சிரிப்பில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்தபின் ஏறி டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

லிவியோ வெட்டும் இயந்திரத்தில் இருந்து இறங்கி வந்தான். ஃபுல்வியாவுக்கு மூன்று வயசு மூத்தவன். வழக்கமாக இந்த மாதிரிச் சண்டையில் அப்பா பக்கம்தான் நிற்பான். 'தொட்டி, தொட்டி' என்று அவனும் சேர்ந்து பாடுவான். இன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"போயிட்டு வாங்கப்பா. போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் காட்டிட்டு வாங்க."

"நீ வாயை மூடு" என்றார் ரினோ. சிரிப்பு இல்லாமல் சொன்னார்.

அந்த 'எல்லாத்தையும்' ஃபுல்வியாவின் காதில் எங்கேயோ தட்டியது. நின்று யோசிக்க நேரமில்லை. மணி இரண்டு ஐம்பது.

"இறங்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நான் ஓட்டுறேன். நீங்க என் காரை எடுத்துட்டுப் போங்க. வழியில அம்மாவை ஏத்திக்கோங்க. அவங்க வைத்தியத்தை அவங்களே டாக்டர்கிட்ட சொல்லட்டும். மூணு அம்பது."

"நர்ஸ் சட்டையோடயா? நீ டிராக்டரைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு."

"டிராக்டரும் அதேதான், மாத்தலையே. தொட்டி நெறையணும்கிறதுதானே உங்க கவலை? நெறையும். இனிமே என்ன சாக்கு சொல்வீங்க?"

ரினோ லிவியோவைப் பார்த்தார். லிவியோ வானத்தைப் பார்த்தான். எழுபத்தொரு வருடத்தில் முதல் தடவையாகச் சாக்குத் தீர்ந்துபோன மனிதர், முனகிக்கொண்டே இறங்கினார். சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை. இருக்கையின்மேல் எறிந்துவிட்டுப் போனார்.

முதல் வரிசையில் இரண்டு தடவை பெட்டியை முன்னால் விட்டுக் கரும்பைத் தரையில் கொட்டினாள். லிவியோ ஹாரனை அடித்தான். இரண்டாவது வரிசையில் கை பழகிவிட்டது. இயந்திரத்தின் வேகத்துக்கு வண்டியைப் பிடிக்க வேண்டும். கரும்பு பெட்டிக்குள் விழுகிறதா என்று பார்க்க வலது பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டி நிறைந்ததும் ரயில் பாதையோரம் போய் ஆலைத் தொட்டியில் கவிழ்க்க வேண்டும். திரும்பி வர வேண்டும். மறுபடி வலது பக்கம்.

மூன்றாவது நடையில்தான் அவளுக்கு எரிந்தது. இடது காது. வலப்பக்கம் திரும்பியே இருந்தால் இடது காதும் இடப் பிடரியும் கதவில்லாத பக்கத்தில் வெயிலைப் பார்த்தபடி இருக்கும். அப்பா விட்டுப்போன தொப்பியைத்தான் போட்டிருந்தாள். அது நெத்திக்கு. காலையில் ப்ராடியிடம் சொன்ன வார்த்தை அவளுக்கே திரும்பி வந்தது. முக்கால் மணி நேரத்துக்கே இப்படி. கதவே இல்லாத பழைய டிராக்டர்களில் தொடங்கி அவர் ஐம்பது வருடம் இப்படி உட்கார்ந்திருக்கிறார்.

க்ரீம் ஏதாவது இருக்குமா என்று இருக்கைக்குப் பின்னால் கையை விட்டாள். இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவளே வாங்கிக் கொடுத்த பெரிய பாட்டில். ஆடுகிற ரேடியோவை ஆடாமல் நிறுத்த அதற்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். மூடிமேல் ஒட்டின தாள்கூடக் கிழியவில்லை. அதற்குப் பக்கத்தில், துணி சுற்றின ஒரு ஜாம் பாட்டில். உள்ளே தண்ணீரில் நாலு கொத்து பால்செடி, வாடாமல் பச்சையாக.

பாட்டிலை உருவினாள். ரேடியோ கவிழ்ந்து விழுந்தது. விழட்டும். கை, கழுத்து, காது எல்லாம் அப்பிக்கொண்டாள். ஜாம் பாட்டிலைச் செடியோடு தூக்கி வரப்பில் எறிந்தாள். வேலியோரம் இதே செடி ஆயிரம் நிற்கிறது என்பது எறிந்த பிறகுதான் உறைத்தது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தொட்டியும் நிறைந்தது. சீருடை முழுக்கக் கரும்புத் தூசி. முதுகு இரண்டாகப் பிளந்ததுபோல் வலித்தது.

அப்போதுதான் அவளுடைய கார் வரப்பில் வந்து நின்றது.

ரினோ இறங்கினார். தலையில் அல்டாவின் தோட்டத் தொப்பி. சுற்றிலும் அகல விளிம்பு, நீல ரிப்பன். காதில் வெள்ளைக் கட்டு. அல்டா இறங்கவில்லை. கார் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

ஃபுல்வியா டிராக்டர் இருக்கையில் இருந்தபடியே கேட்டாள். "ரிப்பன் நல்லாருக்கு. என்ன சொன்னாரு டாக்டர்?"

"ஒரு துண்டு வெட்டியெடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கான். செடிப்பாலை வச்சு வச்சு மேல மட்டும் பூசி மெழுகியிருக்கீங்க, உள்ள ஆழம் போயிருக்குன்னான். உங்க அம்மா அதைக் கேட்டதுல இருந்து பேசல. ஊருக்குக் குடுத்த கேக் டின்னையெல்லாம் திரும்ப வாங்கணுமாம்."

"வாங்கட்டும். அப்புறம்?"

"தொட்டி நெறஞ்சிடுச்சா?"

"நெறஞ்சிடுச்சு. அப்புறம் என்னப்பா?"

ரினோ தொப்பியைக் கழற்றினார். ரிப்பனை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"கழுத்தைத் தடவிப் பாத்தான். தாடைக்குக் கீழ ஒரு கட்டி இருக்காம். டவுன்ஸ்வில்லுக்குப் போயி படம் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கான். வெள்ளிக்கிழமையே போகணுமாம். வெட்டு முடியட்டும்னேன். எழுந்து வந்து கதவை மறிச்சுக்கிட்டு நின்னுட்டான்."

 தாடைக்குக் கீழே கட்டி என்றால் காதில் இருந்தது ஓடத் தொடங்கியிருக்கலாம் என்று ஃபுல்வியாவுக்குத் தெரியும். நோயாளிகளிடம் அதைச் சொல்வதற்கென்று அவளிடம் ஒரு குரல் இருந்தது. இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

"இருக்காம்னா? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"போன வெட்டு முடியும்போதே இருந்துச்சு. சின்னதா."

"பத்து மாசம். பத்து மாசமா யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

 ரினோ அவளைத் தாண்டி வயலைப் பார்த்தார்.

வெட்டும் இயந்திரத்தின் சத்தம் நின்றது. லிவியோ ஏணியில் பாதி இறங்கி, அப்பாவின் கட்டைப் பார்த்து அப்படியே நின்றான். காதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. தன் கையைத் தூக்கி, தன் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக் காட்டி, 'பாத்தாங்களா' என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தான்.

அப்பாவும் தலையை அசைத்தார். பார்த்துவிட்டார்கள்.

இரண்டு பேரும் டிராக்டரில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை அப்புறம்தான் நினைத்துக்கொண்டார்கள். லிவியோவின் விரல்கள் தாடையில் இருந்து மெதுவாக இறங்கின.

ஃபுல்வியா சாவியைத் திருகி வண்டியை நிறுத்தினாள். தூரத்தில் ஆலை ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவள் இறங்கவில்லை.

"டேய் லிவியோ," என்றாள். "இங்க வா."